துப்பாக்கியும் பேரேடும்

பழங்காசு சேர்ப்பாருளர், தபால்தலை சேர்ப்பாருளர். நூறாண்டுகட்கு முன் தனியொருவர்க்கென அளவெடுத்துச் செய்யப்பட்ட வேட்டைத் துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்பாரும் உளர். பீடோங் வட்டாரத்துத் தோட்டக் கிராணியாகிய எனக்கு அதில் என்ன அக்கறை என வாசக அன்பர்கள் வினவலாம். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நடைபெறும் இந்நாட்டில் நம்மனோர்க்கு அது எட்டாக்கனியே. எனினும் அச்செல்வர்களின் பொழுதுபோக்கில் ஏழைகளாகிய நமக்கு ஒரு பாடம் உண்டு.

லண்டன் நகரத்துப் பெயர்பெற்ற துப்பாக்கிக் கம்பெனிகளில், ஆடை தைப்பதற்கு உடலளவு எடுத்தல்போல, வேட்டையாடுவோனின் கைந்நீளமும் தோளமைப்பும் அளந்தே கட்டையைச் செதுக்குவர். இந்திய ராஜாக்களும் நவாபுகளும் இவ்வாறு சொல்லிச் செய்வித்தவை மிகப் பல. செய்த ஒவ்வொன்றிற்கும் ஓர் எண்ணிட்டு, அவ்வெண்ணையும், வாங்கியவர் பெயரையும், அனுப்பிய நாளையும் பேரேட்டில் பதிந்து வைத்தனர். இன்று சேகரிப்போர் முதலில் பார்ப்பது அப்பேரேட்டையே. குழலின் எண்ணும், பெட்டியின் சீட்டும், பேரேட்டின் வரியும் ஒத்திருந்தால் விலை பன்மடங்கு ஏறும். ஒவ்வாவிடின், எத்துணை வேலைப்பாடு இருப்பினும் ஐயத்திற்குரியதே. இரும்புக்கு மதிப்பளிப்பது எழுத்து என்பது இதனால் விளங்கும்.

ஓர் உதாரணம் காண்போம். 1907-ஆம் ஆண்டில், இமயமலைச் சாரலிலுள்ள சம்பாவத் என்னும் ஊரில், 436 மாந்தரைக் கொன்றதெனக் கணக்கிடப்பட்ட பெண்புலியை ஜிம் கார்பெட் என்பார் வீழ்த்தினார். ஐக்கிய மாகாணத்து லெப்டினெண்ட் கவர்னராகிய ஹீவெட் துரை, அச்செயலைப் பாராட்டி அவர்க்கு ரிக்பி கம்பெனியார் செய்த ரைபிள் ஒன்றைப் பரிசளித்தார். அதன் கட்டையில் பதித்த வெள்ளித்தகடு கொடுத்தவர் பெயரையும், பெற்றவர் பெயரையும், காரணத்தையும் கூறும். கார்பெட் 1955-இல் கென்யா நாட்டில் மறைந்தார். அத்துப்பாக்கியோ பல கைமாறி, செய்த கம்பெனியாரிடமே மீண்டது. 2016-இல் இந்தியாவுக்கும் கொண்டுவந்து காட்டப்பட்டது.

நிற்க. அத்தகடு கூறாதன சில உள. புலி வீழ்ந்தது அத்துப்பாக்கியாலன்று. அது பின்னர் வந்த பரிசு. அன்று கார்பெட் தம் தோட்டாக்கள் தீர்ந்தமையால், உடன்வந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டே வேட்டையை முடித்தார். மலையுச்சியில் நின்று பறையடித்தும் கூவியும் கல்லுருட்டியும் புலியை வெளிப்படுத்தியவர் ஏறக்குறைய 300 கிராமத்தார். இவற்றையெல்லாம் 1944-இல் வெளிவந்த தம் நூலில் கார்பெட்டே மறைக்காது எழுதினார். வெள்ளித்தகட்டிலோ அவர்கட்கு இடமில்லை. துரைக்கும் துப்பாக்கிக்கும் பேரேடு உண்டு. பறையடித்தவனுக்கு அது யாது?

எழுத்தில்லாப் பொருளின் கதி என்ன என்பதைத் தஞ்சை காட்டும். 1855-இல் கடைசி மராட்டிய மன்னர் இறந்தபின், அவ்வரண்மனை ஆயுதசாலை 1863-இல் கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. எந்தக் கொல்லன் யாருக்கு அடித்தது என்பதை எடைக்கல் கேட்கவில்லை.

இனி நம் தோட்டத்திற்கு வருவோம். இங்கும் பேரேடு இருந்தது. பிரட்டுக்களத்தில் விடியுமுன் பெயர் கூப்பிட்டுக் குறித்த செக்ரோலே அது. தகப்பன் பெயர், வேலை எண், வந்த நாள் எனப் பலவும் அதிலும் உடன்வைத்த பதிவுகளிலும் இருந்தன. 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, அதனைத் தடுக்கத் திரு. வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டார். அதன் முயற்சியால் நிலத்திற் சில காக்கப்பட்டன. ஏடுகளைக் காக்க எவர் முன்வந்தார்?

பிறரைக் குறைகூறி என் குற்றத்தை மறைக்கமாட்டேன். யான் உத்தியோகத்தில் அமர்ந்த புதிதில், ஒரு தோட்டத்து ஆபீசில், கரையான் அரித்த பழைய செக்ரோல்களைக் கொளுத்துமாறு உத்தரவாயிற்று. கொளுத்திய கை என் கையே. இங்கிலீஷ் பள்ளியில் இங்கிலாந்து மன்னர்களின் வரிசையை மனப்பாடம் செய்த எனக்கு, அத்தாள்களில் ஒரு சரித்திரம் உண்டென்று தோன்றவில்லை. ஒரு மாதம் சென்று, பால்மரம் சீவி ஓய்ந்த பாட்டி ஒருவர் வந்து, "ஐயா, எங்க அப்பா பேரு பதிஞ்ச பழைய புஸ்தகம் இருக்குங்களா? எந்த ஊருலருந்து வந்தாருன்னு பேரன் கேக்குறான்" என்றார். யான் சாம்பலைக் காட்டவில்லை; "இல்லை பாட்டி" என்று மட்டும் சொன்னேன்.

சுதந்திரம் வந்த 1957-க்குப்பின் தக்க பத்திரம் இன்மையால் பிறந்த மண்ணிலேயே குடியுரிமைக்கு அலைந்தவர் நம்மிற் பலர். எனவே இது ஆராய்ச்சியாளரின் பொழுதுபோக்கன்று. அன்பர்களே, இன்றிரவே ஒரு நோட்டுப்புத்தகம் எடுங்கள். பாட்டன் பெயர், பாட்டி பெயர், அவர்தம் ஊர், வந்த ஆண்டு, வேலைசெய்த தோட்டம், செக்ரோல் எண் ஆகியவற்றை, அறிந்த முதியோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பழைய சம்பளச் சீட்டு இருந்தால் அதனுள் வையுங்கள். நானும் அப்பாட்டியின் வீட்டிற்கு நோட்டுப்புத்தகத்துடன் சென்றேன். அவர்க்கு நினைவிருந்தவை ஒன்பது வரிகள், ஒன்பதையும் எழுதிக்கொண்டேன்.