திருத்தணிக்காரர் கேட்ட ஆய்வகம்

செப்டம்பர் 5 வந்தால் நாடெங்கும் பள்ளிகளில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை விழும். அவர் 1888இல் பிறந்த திருத்தணியிலும் அப்படித்தான். நல்லாசிரியர், தத்துவ மேதை, குடியரசுத் தலைவர் என்று மேடையில் வரிசையாகச் சொல்வார்கள். விடுதலை பெற்ற இந்தியாவில் அறிவியலை எங்கே வைத்து வளர்ப்பது என்று எழுந்த பெரிய விவாதத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்பதை மட்டும் அநேகமாக யாரும் சொல்வதில்லை.

தத்துவம் படித்தவருக்கு அறிவியலில் என்ன வேலை என்று தோன்றலாம். 1931இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக வால்டேர் போனவர் அவர். ஒரிசா பக்கத்து ஜெய்ப்பூர் ஜமீனின் விக்ரம தேவ வர்மா கொடுத்த நன்கொடையில் அங்கே அறிவியல் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது அவர் காலத்தில்தான். அடுத்து ஒன்பது ஆண்டுகள் காசி இந்துப் பல்கலைக்கழகம். ஒரு பல்கலைக்கழகத்தின் சோதனைச் சாலைக்குக் கருவி வாங்க எவ்வளவு அலைய வேண்டும் என்பது அவருக்கு ஏட்டில் படித்த செய்தி அல்ல.

1948இல் இந்திய அரசு அமைத்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு அவரே தலைவர். பத்துப் பேர் கொண்ட குழு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் அதில் இருந்தார். ஜாகிர் உசேன் இருந்தார். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்துக்கு முதல் தலைவராக இருந்த ஆர்தர் மார்கன் வந்திருந்தார். எல்லோரையும்விட இந்தக் கதைக்கு வேண்டியவர் இயற்பியலாளர் மேகநாத் சாகா.

சாகாவுக்கு அப்போது ஒரு தீராத கவலை. அரசு தன் பணத்தைப் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே கொட்டத் தொடங்கியிருந்தது. 1942இல் பிறந்த சிஎஸ்ஐஆர் என்ற அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம், சாந்தி ஸ்வரூப் பட்நாகர் தலைமையில் தேசிய ஆய்வுக்கூடங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பிக்கொண்டிருந்தது. 1948 ஆகஸ்டில் அணுசக்தி ஆணையமும் வந்துவிட்டது. முதலில் பல்கலைக்கழகங்களில் அணு இயற்பியல் கற்பித்து ஆட்களைத் தயார் செய்யுங்கள், ஆணையம் பிறகு வரட்டும் என்று சாகா வாதாடியிருந்தார். கேட்பார் இல்லை.

1949 ஆகஸ்டில் குழு அறிக்கை தந்தது. கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் பிரிக்கக் கூடாது என்பது அதன் உறுதியான நிலை. பல்கலைக்கழகங்களுக்கு நிதி பங்கிட மானியக் குழு வேண்டும், வேளாண் கல்விக்கு முன்னுரிமை வேண்டும், நாட்டுப்புறத்து மாணவனுக்கென்று கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றும் கேட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 1953இல் வந்தது. அதன் முதல் தலைவர் வேறு யாருமல்ல, ஆய்வுக்கூடங்களைக் கட்டிய அதே பட்நாகர். இரண்டு ஓடைகளையும் இணைக்க அது நல்ல வாய்ப்பு. ஆனால் 1955 புத்தாண்டு நாளில் அவர் இறந்துபோனார்.

ஆய்வுக்கூடங்களால் தமிழ்நாட்டுக்குக் கிடைத்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1948இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறந்தது. பிழை ஆய்வுக்கூடம் கட்டியதில் இல்லை, மாணவனுக்கும் அதற்கும் நடுவே மதில் எழுப்பியதில் இருந்தது.

மதில் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. லட்சுமணசாமி முதலியார் 1952இல் முப்பது வயதுகூட நிரம்பாத ஜி. என். ராமச்சந்திரனைச் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக்கினார். அந்த ஆண்டு சென்னை வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னல், கொல்லாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் பிடிபடவில்லை என்று சொன்னார். தோலுக்கும் தசைநாருக்கும் உறுதி தருவது அதுதான். தோல் என்றால் பக்கத்திலேயே தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே! அங்கிருந்து கங்காரு வாலின் தசைநார் கிடைத்தது. எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட சுருள்தான் கொல்லாஜன் என்று 1954இல் உலகுக்குச் சொன்னார் ராமச்சந்திரன். அரசு ஆய்வகத்தின் பொருளும் பல்கலைக்கழகத்தின் மூளையும் கைகோத்த கண்டுபிடிப்பு அது.

இதற்கிடையே திருத்தணியே மாநிலம் மாறிக்கொண்டிருந்தது. ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. ம. பொ. சிவஞானம் முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லைத் தகராறில் படாஸ்கர் தந்த முடிவின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது.

பழைய சித்தூர் மாவட்டத்தில் ஆந்திரத்தோடு தங்கிவிட்ட பகுதியில்தான், திருப்பதி–சித்தூர் சாலையில் உள்ள காடங்கியில், ராதாகிருஷ்ணன் குழு விரும்பிய வகை ஏற்பாடு ஒன்று நாற்பது ஆண்டு கழித்து உருவானது. 1990களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய, வளிமண்டலத்தை ஆராயும் எம்எஸ்டி ரேடாருக்கு விண்வெளித் துறை உள்படப் பல அரசுத் துறைகள் சேர்ந்து பணம் போட்டன. மும்பையின் சமீர் நிறுவனம் கட்டியது. வரிசைக்கு 32 வீதம் 32 வரிசை, ஆக 1,024 ஆன்டெனாக்கள். அவை 53 மெகாஹெர்ட்ஸ் அலையை வானுக்கு அனுப்பும். காற்றின் கொந்தளிப்பில் பட்டு அதில் துளியளவு திரும்பி வரும். அலை திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதிலிருந்து உயரத்தையும், அதன் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதிலிருந்து அந்த உயரத்தில் காற்று ஓடும் வேகத்தையும் கணக்கிடலாம். சுற்றியுள்ள குன்றுகள் வெளி இரைச்சலைத் தடுத்துக்கொடுக்கின்றன. முக்கியமாக, அதைத் தேசியப் பொதுவசதியாக வைத்தார்கள். திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழக மாணவர்கள் உள்படப் பல ஊர் ஆய்வாளர்கள் அதன் தரவுகளில் முனைவர் பட்டம் பெற்றிருக்கிறார்கள்.

காடங்கி போன்றவை இன்னும் விதிவிலக்காகவே இருக்கின்றன. 2023இல் நாடாளுமன்றம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய், அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து திரட்டுவது என்பது திட்டம். பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் ஆராய்ச்சியை விதைப்பதே நோக்கம் என்கிறார்கள். 1949இல் கேட்டதும் இதைத்தான். அந்தப் பணத்தில் எவ்வளவு திருத்தணி ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி அரசுக் கலைக் கல்லூரி போன்ற சிற்றூர்க் கல்லூரிகளின் ஆய்வகங்களுக்குப் போய்ச் சேர்கிறது என்று ஆண்டுதோறும் கல்லூரிவாரியாகக் கணக்கு வெளியிட வேண்டும். ராதாகிருஷ்ணன் பிறந்தநாளிலேயே அதை வெளியிடலாம்.