5,735 ஏக்கரும் மூன்று வருடத் தாமதமும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றதும் மார்ட்டின் லூதர் கிங் ஞாபகத்துக்கு வருவார். பேருந்தில் எழுந்து இடம் தர மறுத்த ரோசா பார்க்ஸ் வருவார். நம் பாடப்புத்தகம் அதற்கு மேல் போவதில்லை. 1965இல் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது, கதை முடிந்தது! ஆனால் ஓட்டுரிமைக்காகப் பெயர் எழுதிவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது, அந்த வீட்டிலிருந்தே வெளியேற்றிவிட்டால் என்ன செய்வது? ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியில் பல குடும்பங்களுக்கு அதுதான் நடந்தது.

அங்கே பருத்தியும் நிலக்கடலையும் விளையும் கிராமங்களில் கறுப்பினக் குடும்பங்கள் பல, வெள்ளைக்காரப் பண்ணையாரின் நிலத்தை வாரத்துக்கு உழுதவை. குடியிருந்த குடிசையும் அவருடையதே. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனாலோ, ஊர்வலத்தில் தலையைக் காட்டினாலோ வேலை போகும், வேலையோடு வீடும் போகும். சட்டம் ஒரு உரிமையைக் கொடுத்தது. அதைப் பயன்படுத்துவதற்குக் காலூன்ற ஓர் இடம் வேண்டும் அல்லவா? அதைச் சட்டம் கொடுக்கவில்லை.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர்களில் ஒருவர் சார்லஸ் ஷெரோட். வர்ஜீனியாக்காரர். மாணவர் அமைப்பான 'ஸ்னிக்'கின் களப்பணியாளராக 1961இல் ஆல்பனி நகரத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 24. அந்த வருடமே ஆல்பனி இயக்கம் வெடித்தது, நூற்றுக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள், கிங்கும் வந்தார், சிறைக்குப் போனார், பிறகு வேறு ஊர்களுக்குப் போனார். பத்திரிகைக்காரர்களும் அவரோடு போய்விட்டார்கள். ஷெரோட் போகவில்லை. மற்ற தலைவர்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக வந்திருக்க, இவர் பெயர் வெளியில் தெரியாமல் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அவர் மனைவி ஷெர்லி, பக்கத்திலிருக்கும் பேக்கர் கவுண்டியில் சொந்த நிலம் வைத்திருந்த ஒரு விவசாயியின் மகள். 1965இல் ஷெர்லிக்கு 17 வயது. ஒரு தகராறில் அவருடைய அப்பா ஹோசி மில்லரை ஒரு வெள்ளைக்கார விவசாயி சுட்டுக் கொன்றார். சுட்டவர் மீது குற்றப்பத்திரிகை கூடப் பதிவாகவில்லை. வடக்கே ஏதாவது ஒரு பெரிய நகரத்துக்குத் தப்பிப் போய்விட வேண்டும் என்று அதுவரை கனவு கண்ட பெண், இங்கேயே இருந்து இதை மாற்றுவேன் என்று அன்று முடிவெடுத்தார். கணவன் மனைவி இருவருமே "போகமாட்டேன்" என்று சொன்னவர்கள்!

மூன்றாவது ஆள் ஸ்லேட்டர் கிங். ஆல்பனியில் ரியல் எஸ்டேட் தொழில் செய்தவர், ஆல்பனி இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர். 1962இல் சிறையிலிருந்த போராட்டக்காரர்களுக்கு உணவு கொண்டுபோன அவருடைய கர்ப்பிணி மனைவியைப் போலீஸ்காரர்கள் அடித்துக் கீழே தள்ளினார்கள். குழந்தை பிழைக்கவில்லை. நிலத்தை வாங்குவது, பத்திரம் பதிவது, விலை பேசுவது எல்லாம் தெரிந்த ஒருவர் போராட்டத்துக்குள் இருந்தது பெரிய அதிர்ஷ்டம். உணர்ச்சி மட்டும் இருந்தால் நிலம் வாங்க முடியாதே.

1968இல் இவர்களும் நண்பர்களுமாக ஒரு சிறு குழு இஸ்ரேலுக்குப் போனது. அங்கே நிலத்தின் பெரும்பகுதி தனியாருக்கு விற்கப்படுவதில்லை, நீண்ட காலக் குத்தகைக்குத்தான் விடப்படுகிறது. குடும்பம் உழலாம், வீடு கட்டலாம், பிள்ளைகளுக்கு விடலாம், ஆனால் நிலத்தை விற்க முடியாது. குழுவில் இருந்த ராபர்ட் ஸ்வான் என்ற தச்சருக்கு இன்னொரு முன்மாதிரியும் தெரிந்திருந்தது. அது நம் நாட்டு முன்மாதிரி. 1951இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே தொடங்கிய பூதான இயக்கம். தானமாகக் கிடைத்த துண்டு நிலங்கள் தனித்தனி ஏழைகளின் பெயருக்குப் போனால், கடன் தொல்லையில் மறுபடியும் பணக்காரர் கைக்கே திரும்பிவிடும். அதனால் கிராமத்தின் பெயரிலேயே நிலம் இருக்கட்டும் என்று பூதானம் கிராமதானமாக வளர்ந்தது. அந்த யோசனை கடல் கடந்து ஜார்ஜியாவுக்குப் போனது, நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

1969இல் 'நியூ கம்யூனிட்டீஸ்' பதிவு செய்யப்பட்டது. நிலம் அமைப்பின் பெயரில், குடும்பங்களுக்குக் குத்தகை, விவசாயம் பெரும்பாலும் கூட்டாக. அதே வருடம் ஸ்லேட்டர் கிங் கார் விபத்தில் இறந்துபோனார். இருந்தும் வேலை நிற்கவில்லை. 1970 தொடக்கத்தில் லீ கவுண்டியில் 5,735 ஏக்கர் வாங்கப்பட்டது. விலை பத்து லட்சம் டாலருக்குச் சற்று மேல். அன்றைக்கு அமெரிக்காவில் கறுப்பினத்தவர் கையில் ஒரே இடத்தில் இருந்த நிலங்களில் இதுவே மிகப் பெரியது என்கிறார்கள்.

இங்கேதான் காமர்ஸ் மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். நிலம் வாங்கியது பெரும்பாலும் கடனில். மத்திய அரசின் வறுமை ஒழிப்புத் திட்டத்திலிருந்து திட்டமிடுவதற்காக 98,000 டாலர் கிடைத்தது. அதை வைத்து சுமார் 500 குடும்பங்களுக்கான வீடுகள், பள்ளி, மருத்துவ வசதி என்று வரைபடம் எல்லாம் தயாரானது. அடுத்து வர வேண்டிய பெரிய தொகை வரவே இல்லை. அப்போது ஜார்ஜியா கவர்னர் லெஸ்டர் மாடக்ஸ். 1964இல் தன் ஓட்டலுக்குச் சாப்பிட வந்த கறுப்பின இளைஞர்களைக் கோடாலிக் காம்போடு விரட்டிப் பெயர் வாங்கி, அந்தப் பெயரிலேயே பதவிக்கு வந்தவர். அவர் எதிர்த்தார், பணம் நின்றது. கடன் மட்டும் நின்றது, மானியம் இல்லை! முதல் நாளிலிருந்தே நடைமுறை மூலதனம் இல்லாத நிறுவனம் அது.

அப்படியும் 15 வருடம் ஓட்டினார்கள். சோளம், நிலக்கடலை, சோயா, தர்பூசணி, திராட்சை போட்டார்கள். பன்றி வளர்த்து, இறைச்சியைப் புகைபோட்டுப் பதப்படுத்தி, கரும்பு ஆலை வைத்து, சாலையோரத்தில் சொந்தக் கடை போட்டு விற்றார்கள். கட்டடங்கள் மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது. அதற்கும் அவர்கள் அசையவில்லை.

அசைத்தது வறட்சி. 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் மழை பொய்த்தது. வெள்ளையர், கறுப்பர் என்று பார்க்காமல் எல்லோர் வயலும் காய்ந்தது. இந்த மாதிரி நேரத்துக்கென்றே வேளாண்மைத் துறையின் கீழ் 'ஃபார்மர்ஸ் ஹோம் அட்மினிஸ்ட்ரேஷன்' என்ற கடன் நிறுவனம் இருந்தது. வெளியில் யாரும் கடன் தராத விவசாயிக்குக் கடைசிப் புகலிடம். நியூ கம்யூனிட்டீஸ் அவசரக் கடன் கேட்டது. "என் பிணத்தின் மேல்தான் உங்களுக்குக் கடன்" என்கிற ரீதியில் உள்ளூர் அதிகாரி பதில் சொன்னதாக ஷெர்லி பலமுறை சொல்லியிருக்கிறார். வாஷிங்டன் வரை போய் முட்டி மோதி அந்தக் கடன் கைக்கு வர மூன்று வருடம் ஆனது.

மூன்று வருடம் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒரு துணிக்கடைக்குத் தீபாவளிச் சரக்கு வாங்கக் கேட்ட கடன் பொங்கலுக்கு வந்தால் எப்படி இருக்கும்? விவசாயத்தில் அதைவிட மோசம். விதைக்கும் மாதத்தில் வராத பணம், அறுவடை மாதத்தில் வந்தால் அது வெறும் வட்டிச் சுமை. தாமதமாக வந்த கடனுக்கும் இருந்த சொத்தெல்லாம் அடமானம். மறுப்பதற்குக் கூடக் காரணம் எழுத வேண்டும், தாமதத்துக்கு எதுவும் எழுத வேண்டாம். கோப்பு மேசையில் கிடந்தால் போதும். துப்பாக்கியால் செய்ய முடியாததை அந்த மேசை செய்துவிட்டது.

1985இல் நிலம் கடனுக்காகப் பறிபோனது. வாங்கியவர்கள் குழி தோண்டி, கட்டடங்களை அதற்குள் தள்ளி மூடினார்கள் என்று ஷெர்லி பின்னாளில் சொன்னார்.

இது ஒரு பண்ணையின் தலைவிதி மட்டும் இல்லை. 1920இல் அமெரிக்காவில் கறுப்பின விவசாயிகள் சுமார் 9.25 லட்சம் பேர். 1992இல் 19,000 கூட இல்லை. இயந்திரம் வந்தது, நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள் என்று பல காரணங்கள் உண்டு, உண்மைதான். ஆனால் மேசைக் கோப்புகளும் அந்தப் பட்டியலில் உண்டு. பாரபட்சம் என்று புகார் கொடுத்தால் விசாரிக்க வேண்டிய துறையின் குடியுரிமைப் பிரிவையே 1983இல் ரீகன் அரசு முடக்கிவிட்டது. புகார்கள் வந்து குவிந்தன, படிக்க ஆள் இல்லை.

1997இல் டிமத்தி பிக்ஃபோர்டு என்ற விவசாயி பெயரில் வேளாண்மைத் துறை மீது வழக்கு வந்தது. புகார் கொடுத்துக் காலக்கெடு தாண்டிவிட்டது என்று தட்டிக் கழிக்க முடியாதபடி அமெரிக்க நாடாளுமன்றம் 1998இல் சட்டம் போட, 1999இல் சமரசத் தீர்ப்பு. பெரும்பாலோர் 50,000 டாலர் வாங்கும் எளிய வழியில் போனார்கள். பெரிய நஷ்டம் கேட்பவர்கள், அதே நிலைமையில் இருந்த ஒரு வெள்ளைக்கார விவசாயிக்குத் தங்களைவிட நல்ல கவனிப்பு கிடைத்தது என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். நியூ கம்யூனிட்டீஸ் இந்தக் கடினமான வழியில் போனது. முதலில் தோற்றது. மறுபடி முயன்றது. 2009 ஜூலையில் நடுவர் தீர்ப்பு வந்தது: நிலத்துக்கும் இழந்த வருமானத்துக்குமாக சுமார் 1.2 கோடி டாலர், மன உளைச்சலுக்காக சார்லஸுக்கும் ஷெர்லிக்கும் தலா 1.5 லட்சம். நிலம் போய் 24 வருடம் கழித்து.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. அதே 2009இல் அதே வேளாண்மைத் துறை, ஜார்ஜியா மாநிலக் கிராம வளர்ச்சி இயக்குநராக ஷெர்லியை நியமித்தது! ஒரு வருடம் கூட முழுதாகப் போகவில்லை. 2010 ஜூலையில் அவர் பேசிய ஒரு பேச்சின் துண்டு வீடியோவை ஒரு வலைத்தளக்காரர் வெளியிட்டார். வெள்ளைக்கார விவசாயிக்கு உதவத் தயங்கினேன் என்று ஷெர்லி சொல்வது போல் அது வெட்டப்பட்டிருந்தது. துறை அவசர அவசரமாக ராஜினாமா கேட்டு வாங்கியது. கடன் கொடுக்க மூன்று வருடம் எடுத்துக்கொண்ட துறைக்கு இதற்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

முழு வீடியோ வெளிவந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 1986இல், அதாவது தன் நிலம் பறிபோன மறுவருடம், ஒரு வெள்ளைக்கார விவசாயி தன் பண்ணையைக் காப்பாற்றித் தரும்படி அவரிடம் வந்தார். முதலில் மனம் ஒப்பவில்லை. பிறகுதான், இது நிறம் மட்டும் சார்ந்தது இல்லை, இல்லாதவனுக்கு எதிரானது என்று புரிந்தது என்கிறார். அந்தப் பண்ணையைக் காப்பாற்றியும் கொடுத்தார். அந்த விவசாயியும் மனைவியும் தொலைக்காட்சியில் தோன்றி அவருக்காகப் பேசினார்கள். துறை மன்னிப்புக் கேட்டு வேறு வேலை தருவதாகச் சொன்னது. ஷெர்லி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

2011இல் நஷ்டஈட்டுப் பணத்தில் ஆல்பனிக்கு அருகே 1,638 ஏக்கர் வாங்கினார்கள். விலை சுமார் 45 லட்சம் டாலர். ஒரு காலத்தில் ஜார்ஜியாவிலேயே பெரிய அடிமை முதலாளிகளில் ஒருவராக இருந்த ஹார்ட்வெல் டார்வரின் பண்ணை அது. ரிசோரா என்று புதுப்பெயர் வைத்தார்கள். டார்வர் பெயர் சொல்லும் பழைய மாளிகையில் இப்போது விவசாயிகளுக்கான கூட்டங்களும் பயிற்சிகளும் நடக்கின்றன. தோட்டத்தில் பீக்கன் மரங்கள், நம் ஊர் வால்நட் மாதிரி ஒரு கொட்டை. இன்று அமெரிக்காவில் சமூக நில அறக்கட்டளைகள் 200க்கும் மேல் இருக்கின்றன, நியூ கம்யூனிட்டீஸ்தான் அவற்றுக்கெல்லாம் மூத்தது. சார்லஸ் ஷெரோட் 2022 அக்டோபரில் ஆல்பனியிலேயே காலமானார், 24 வயதில் வந்து இறங்கிய அதே ஊரில்.