பேரேடும் கணிப்பொறியும்

இயந்திரம் வந்தால் மனிதனுடைய வேலை என்னவாகும் என்னும் வினா, செயற்கை நுண்ணறிவின் வரவால் இன்று எங்கும் எழுந்துள்ளது. நம் நாட்டு அலுவலகங்களுக்கு இவ்வினா புதியதன்று.

1956-ஆம் ஆண்டில் 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றாக்கி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் அமைக்கப்பட்டது. பிரீமியம் கணக்கிடுதல், பேரேட்டில் பதிதல், அறிவிப்பு எழுதுதல் ஆகியவை குமாஸ்தாக்களின் வேலையாக இருந்தன. இவற்றைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்க 1960-களில் முயற்சி நடந்தது. கல்கத்தாவில் இலாகோ மாளிகையில் அதனை நிறுவ முற்பட்டபோது, ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்து தடுத்தார்கள். அறியாமையால் எதிர்த்தார்கள் என்று அவர்களை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த நாட்டில், ஓர் உத்தியோகத்தை நம்பி ஒரு குடும்பமே வாழ்ந்தது.

பூசல் வளரவே, பொருளியல் அறிஞர் தாண்டேகர் தலைமையில் 1969-இல் மத்திய அரசு ஒரு குழுவை நியமித்தது; 1972-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. பின்னர், 1983 செப்டம்பரில், வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் ஓர் உடன்பாடு கண்டன. எத்தனை இயந்திரங்கள், எவ்வேலைகளுக்கு, இயக்குவோருக்கு எவ்வளவு படி என்பனவெல்லாம் பேசி முடிவுசெய்யப்பட்டன. காவல் இருந்து தடுத்த காலம் போய், கலந்து பேசும் காலம் வந்தது.

அஞ்சியவாறு பெருந்திரளான ஆட்குறைப்பு உடனே நேரவில்லை. ஆயினும் அச்சம் முற்றிலும் பொய்யன்று. 2000-2001-இல் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ 1 லட்சம் பேர் விருப்ப ஓய்வு பெற்றுச் சென்றனர். இயந்திரம் மட்டுமே அதற்குக் காரணம் அன்று எனினும், அதற்கும் பங்குண்டு. அவர்கள் விட்டுச்சென்ற இடங்கள் பலவும் மீண்டும் நிரப்பப்படவில்லை. உடன்பாடு, பணியில் இருந்தவரைக் காத்தது; பணி தேடி வாயிலில் நின்றவருக்கு அப்பேச்சு மேடையில் இடமே இருக்கவில்லை.

இன்று அதே வினா மொழிபெயர்ப்பாளராகிய நம் மேசைக்கும் வந்துவிட்டது. 2022-இல் அரசு தொடங்கிய பாஷிணி போன்ற திட்டங்களால், சுற்றறிக்கையின் முதல் வரைவை இயந்திரமே நொடியில் தந்துவிடுகிறது. பிழை திருத்துவதும் பொறுப்பேற்பதும் இன்னும் நம்மிடமே உள்ளன. ஆதலால் நாம் ஓய்வு பெறும்வரை நமக்கு இடர் இல்லாமலிருக்கலாம். ஆனால் முதல் வரைவு எழுதி எழுதித்தானே நாம் இத்தொழிலைக் கற்றோம்! இனி வரும் இளைஞர் எதை எழுதிக் கற்பார்? அவருக்காகவும் பேசும் உடன்பாட்டையே நாம் இம்முறை நாடவேண்டும்.