பேர் போடாத உழைப்பு

மலையகத் தோட்டங்களில் 'பேர்' என்னும் சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. ஒரு நாட் சம்பளத்துக்குரிய வேலையே அங்கு ஒரு பேர். குறித்த கிலோ கொழுந்து நிறையாவிட்டால் அரைப்பேர். இறம்பொடைப் பகுதிக்குச் செய்தி சேகரிக்கச் சென்ற காலங்களில் கொழுந்தெடுக்கும் பெண்களின் வாயிலிருந்து நான் மிக அதிகமாகக் கேட்ட சொல் இதுவே. செக்ரோலில் பேர் விழுந்தால்தான் சம்பளமும் சேமலாப நிதியும் பிரசவ சகாயப் பணமும். அந்தப் பேரே இல்லாமற்போகக்கூடிய ஒரு நிலை இன்று உருவாகிவருவதால், அது கிடைத்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது அவசியமாகிறது.

கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் கடனோடுதான் மலையேறினார்கள். வழிச்செலவும் உணவும் அவர்கள் கணக்கில் கடனாக எழுதப்பட்டன. அக்கடன் தொகையைக் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டைத் தீர்க்கும் தோட்டத்துக்கு ஆட்கள் கைமாறினார்கள். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தனிக்காசு கிடைத்தது. உழைப்பைத் தொடங்குமுன்பே உழைப்பவர் கடனாளி என்பதுதான் இம்முறையின் சூட்சுமம்.

துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வழிசெய்தது. அதன்படி 1929இல் உயர்மலைப் பகுதியில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்கூலியாயின. 1931இல் கோ. நடேசய்யர் அட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாடியே தொழிலாளரைத் திரட்டினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் 16 சதச் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தின்போது கோவிந்தன் பொலிஸாரின் குண்டுக்குப் பலியானார். மறு ஆண்டு சம்பள சபைகள் சட்டம் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் என்பதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவை எவையும் தானமாக வந்தவையல்ல.

1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. கூட்டு ஒப்பந்தத்திலிருந்து கம்பெனிகள் 2021இல் விலகின. அதன்பின் சம்பள சபை வழியாக 1,000 ரூபாவும், 2024இல் 1,350 ரூபாவும் நாட்சம்பளமாக நிர்ணயிக்கப்பட்டன. ஒவ்வோர் உயர்வின்போதும் கம்பெனிகள் முன்வைக்கும் மாற்று யோசனை ஒன்றுண்டு: 'அவுட்குரோவர்' முறை, அல்லது வருமானப் பகிர்வு முறை. ஒரு குடும்பத்திடம் இத்தனை தேயிலைச் செடிகள் என்று ஒப்படைப்பார்கள். பராமரிப்பதும் பறிப்பதும் குடும்பத்தின் பொறுப்பு. உரத்துக்கும் மருந்துக்குமான செலவைக் கழித்துக்கொண்டு, கொழுந்துக்குக் கிலோ கணக்கில் பணம் தருவார்கள். அந்த வேலைக்கு நாட்பேர் இல்லை. பேர் இல்லாத இடத்தில், தொழில்தருநர் செலுத்தவேண்டிய 12 சதவீதச் சேமலாப நிதியும் 3 சதவீத நம்பிக்கை நிதியும் கேள்விக்குறியாகின்றன.

இதே வித்தையை முற்றிலும் வேறான ஓர் உலகிலும் காணலாம். அமெரிக்க இரவு விடுதிகளில் ஆடும் பெண்களை விடுதி முதலாளிகள் நெடுங்காலமாகச் 'சுயாதீன ஒப்பந்தக்காரர்' என்றே அழைத்துவந்தார்கள். சம்பளம் கிடையாது, பார்வையாளர் தரும் பணமே வருமானம். அதற்கும் முன்பாக, மேடையேறும் ஒவ்வோர் இரவும் ஆடுபவரே விடுதிக்குக் கட்டணம் செலுத்தவேண்டும். நம் முன்னோரின் துண்டுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? 2013இல் நியூயோர்க் சமஷ்டி நீதிமன்றம் அத்தகைய விடுதியொன்றின் நடனப் பெண்களை ஊழியர்கள் என்றே தீர்த்தது. 2023இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஸ்டார் கார்டன் விடுதிப் பெண்கள் நாடக நடிகர் சங்கத்தில் இணைய வாக்களித்தார்கள்.

2018இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், பொதி விநியோகிக்கும் சாரதிகளின் வழக்கொன்றில் மூன்று கேள்விகளை வகுத்தது. வேலை வாங்குபவரின் கட்டுப்பாட்டிலிருந்து உழைப்பவர் விடுபட்டவரா? அவர் செய்யும் வேலை அந்த நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்குப் புறம்பானதா? அவருக்கென்று சொந்தத் தொழில் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் அவர் சுயாதீனர். நடன விடுதிக்கு நடனம் புறம்பானதல்ல. தேயிலைக் கம்பெனிக்குக் கொழுந்து பறிப்பதும் அப்படியே. இக்கேள்விகள் இலங்கைச் சட்டமல்ல. ஆனால் நியாயத்துக்கு எல்லை ஏது?

வசதியான நேரத்தில் வேலை செய்யலாம், கூடுதலாகவும் உழைக்கலாம் என்று இம்முறையை விரும்பும் குடும்பங்களும் உண்டு. அதை மறுப்பதற்கில்லை. இந்நாட்டுத் தேயிலையின் பெரும்பகுதியைத் தருபவர்கள் சிற்றுடைமையாளர்களே என்பதும் உண்மை. ஆனால் அவர்களிடம் காணி இருக்கிறது. இறம்பொடை நீர்வீழ்ச்சியைச் சுற்றியுள்ள சரிவுகளில் தலைமுறைகளாக உழைத்தவர்களில் மிகப் பலருக்கு, லயத்து அறை நிற்கும் நிலம்கூடச் சொந்தமில்லை.

அவர்களைச் சுயாதீன உற்பத்தியாளர் என்று அழைக்க விரும்புவோர் முதலில் காணி உறுதியை அவர்கள் கையில் கொடுக்கட்டும். அதற்கு மனமில்லையெனில், செக்ரோலில் பேரைப் போடட்டும்.