வல்லரசுகளின் நடுவே ஒரு பாளையம்: நெற்கட்டும்செவலின் உறவு அரசியல், 1755–1767

முன்னுரை

சங்கரன்கோவிலுக்கு வடமேற்கே, மேற்கு மலைத்தொடரை நோக்கிப் போகும் வழியில் நெற்கட்டும்செவல் இருக்கிறது. பாளையக்காரர் பூலித்தேவரின் ஊர் என்று அதைத் தமிழ்நாடு முழுவதும் அறியும். ஆண்டுதோறும் செப்டம்பர் 1ஆம் தேதி அவர் பிறந்தநாள் விழாவில் அவருடைய வீரம் மேடைதோறும் போற்றப்படுகிறது. அந்தப் போற்றுதல் தகும். ஆனால் அவருடைய அரசியலின் மறுபாதி, அதாவது தூதும் உடன்பாடும் கூட்டணியும், மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

ஆர்க்காட்டு நவாப், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, திருவிதாங்கூர், மைசூர், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர் என ஆறு சக்திகள் தென்கோடியில் மோதிக்கொண்டிருந்த காலம் அது. சில பத்து ஊர்களின் வருமானமும் சில கோட்டைகளும் மட்டுமே கொண்ட ஒரு பாளையம் அவற்றுக்கு நடுவே 12 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. அது எப்படி முடிந்தது, பின்னர் ஏன் முடியாமல் போயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சிறிய நாடுகள் பெரிய அண்டை நாடுகளுக்கிடையே உறவைச் சமன்செய்வது பற்றி இன்று நடக்கும் விவாதத்துக்கு நம் மண்ணிலேயே கிடைக்கும் முழுமையான சான்று இது.

மதுரை அரசு மறைந்த பின்

விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் 16ஆம் நூற்றாண்டில் வகுத்த பாளைய முறையில் 72 பாளையங்கள் இருந்ததாக மரபு சொல்கிறது. பாளையக்காரர் தம் எல்லைக்குள் வரி தண்டினார், வழக்குத் தீர்த்தார், காவல் பார்த்தார். மதுரைக்குக் கப்பம் கட்டி, போர் வந்தால் ஆள் அனுப்பினார். திருநெல்வேலிச் சீமையின் மேற்கில், மலையடிவாரத்தில் மறவர் பாளையங்கள் அமைந்தன. கிழக்கே கரிசல் நிலத்தில் எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி போன்ற நாயக்கர் பாளையங்கள் இருந்தன.

1736இல் சந்தா சாகிப்பால் மதுரை நாயக்கர் ஆட்சி முடிவுக்கு வந்தது. 1741இல் மராத்தியர் திருச்சியைப் பிடித்தனர். 1743இல் நிஜாம் அதை மீட்டார். 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் இறந்தபின், அவர் மகன் முகமது அலியை ஆங்கிலேயரும் சந்தா சாகிப்பைப் பிரெஞ்சுக்காரரும் தாங்கிப் பிடித்தனர். யாருக்குக் கப்பம் கட்டுவது என்ற கேள்விக்கே விடை இல்லாத இந்த ஆண்டுகளில் பாளையங்கள் நடைமுறையில் தன்னாட்சி பெற்றுவிட்டன. 1752இல் சந்தா சாகிப் கொல்லப்பட்டு முகமது அலியின் கை ஓங்கியது. போருக்காகக் கம்பெனியிடம் பட்ட கடனை அடைக்க அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. அவர் பார்வை திருநெல்வேலியின் கிஸ்திப் பணத்தின் மீது விழுந்தது.

ஹெரான் வந்ததும் திரும்பியதும்

1755இன் தொடக்கத்தில் கர்னல் அலெக்சாண்டர் ஹெரான் தலைமையில் கம்பெனிப் படை தெற்கே இறங்கியது. நவாபின் அண்ணன் மாபூஸ்கானும், மருதநாயகம் என்றும் அறியப்படும் யூசுப்கானும் உடன் வந்தனர். மதுரையும் திருநெல்வேலியும் எளிதில் பணிந்தன. இரண்டு சீமைகளையும் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மாபூஸ்கானுக்கே குத்தகைக்கு விட்டார் ஹெரான்.

நெற்கட்டும்செவல் மட்டும் பணியவில்லை. கோட்டை முன் படை நின்றது, கப்பம் கேட்கப்பட்டது, பூலித்தேவர் மறுத்தார். மண்கோட்டைச் சுவரை உடைக்கும் கனரக பீரங்கி ஹெரானிடம் இல்லை. உணவும் பணமும் தீர்ந்துகொண்டிருந்தன. படை திரும்பியது. போகும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்களின் தாக்குதலில் அது பெருஞ்சேதம் கண்டது. ஹெரான் இராணுவ விசாரணைக்கு உட்பட்டுப் பதவி இழந்தார்.

இந்நிகழ்ச்சி வெள்ளையரை எதிர்த்த முதல் குரலாகவே பெரும்பாலும் நினைக்கப்படுகிறது. உறவு அரசியலின் கோணத்தில் இதற்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. கம்பெனியின் படைக்கும் பணத்துக்கும் ஓர் எல்லை உண்டென்பதைத் திருநெல்வேலிச் சீமை நேரில் கண்டது. பல போர்முனைகளில் சிக்கிய வல்லரசு ஒரு சிறு கோட்டையின் முன் நீண்ட நாள் நிற்க முடியாது. பூலித்தேவரின் பிற்கால முயற்சிகள் யாவும் இந்தப் புரிதலின் மேல் எழுந்தவை.

கூட்டணியின் கட்டுமானம்

அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர் மூன்று வட்டங்களில் உறவுகளைக் கட்டினார்.

முதல் வட்டம் அண்டைப் பாளையங்கள். சிவகிரி நீங்கலாக மேற்கத்திய மறவர் பாளையங்கள் அவர் பக்கம் நின்றன. எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் சேரவில்லை. இராமநாதபுரத்தையும் புதுக்கோட்டையையும் கம்பெனி தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

இரண்டாம் வட்டம் திருவிதாங்கூர். 1741இல் குளச்சலில் டச்சுப் படையை முறியடித்த மார்த்தாண்ட வர்மாவின் அரசு அப்போது தெற்கின் வலிமை மிக்க சக்தி. நெல் விளையும் களக்காட்டுச் சீமையின் மீது அதற்கு நெடுநாள் உரிமைக் கோரிக்கை இருந்தது. நவாப் கிழக்கே வலுப்பெற்றால் களக்காடு கைநழுவும். இந்தக் கவலையையே பூலித்தேவர் உறவின் அடிப்படையாக்கினார்.

மூன்றாம் வட்டம், எதிரியின் வீட்டுக்குள்ளேயே இருந்த அதிருப்தியாளர்கள். சந்தா சாகிப் காலத்தில் இச்சீமையில் அதிகாரம் செலுத்திய மூடேமியா, நபிகான் கட்டாக் முதலிய பத்தான் தலைவர்களுக்கு நவாபின் ஆட்சி பிடிக்கவில்லை. அவர்களும் கூட்டணியில் சேர்ந்தனர்.

பலன் உடனே தெரிந்தது. மாபூஸ்கானிடம் கம்பெனியின் 1,000 சிப்பாய்களும் நவாப் அனுப்பிய 600 பேரும், கர்நாடகத்துக் குதிரைப்படையும் காலாட்படையும் இருந்தன. அவர் களக்காட்டில் படையை நிலைநிறுத்துமுன் திருவிதாங்கூரின் 2,000 வீரர்கள் பூலித்தேவருடன் வந்து சேர்ந்தனர். மாபூஸ்கான் தோற்றார். அதன்பின் திருவிதாங்கூர்ப் படை ஊர் திரும்பிவிட்டது. 1756 மார்ச்சில் திருநெல்வேலி அருகே நடந்த போரில் மூடேமியா இறந்தார், கூட்டணி பின்வாங்கியது. பெரிய கூட்டாளி உடன் நின்றபோது வெற்றியும் விலகியபோது தோல்வியும் வந்தன.

தம்பியோடு மனத்தாங்கல் கொண்ட மாபூஸ்கான் பின்னர் பூலித்தேவரிடமே வந்து சேர்ந்தார். களத்தில் தோற்கடித்த எதிரியைப் பகை பாராட்டாமல் ஏற்றுக்கொண்டதால், நவாப் குடும்பத்து மூத்தவரே தம் பக்கம் இருக்கிறார் என்ற அரசியல் தகுதி பாளையத்துக்குக் கிடைத்தது. மைசூரின் ஐதர் அலியிடமும் பிரெஞ்சுக்காரரிடமும் உதவி கோரப்பட்டது. 1757இல் திண்டுக்கல்லிலிருந்து மதுரைப் பக்கம் இறங்கிய ஐதரை யூசுப்கான் நத்தம் அருகே தடுத்துவிட்டார். மராத்தியருடன் மோதலில் இருந்த மைசூரால் அதற்கு மேல் உதவ இயலவில்லை. 1760இல் டச்சுக்காரர் தூத்துக்குடியிலிருந்து ஆழ்வார்திருநகரி வரை வந்து, யூசுப்கான் எதிர்வந்ததும் பின்வாங்கினர். பல வல்லரசுகள் களத்தில் இருப்பது சிறியவருக்கு வாய்ப்பு. ஆனால் அவற்றுள் எதுவும் சிறியவருக்காக வந்ததில்லை. தத்தம் கணக்கு முடிந்ததும் அவை திரும்பிப் போயின.

களக்காட்டின் விலை

திருப்புமுனை 1759இல் வந்தது. சென்னை முற்றுகையில் பிரெஞ்சுத் தளபதி லாலியை எதிர்த்துவிட்டுத் திரும்பிய யூசுப்கான், கூட்டணியின் பலவீனமான கண்ணி எது என்று கண்டுகொண்டார். கூட்டணியிலிருந்த வடகரைப் பாளையத்துக்கும் திருவிதாங்கூருக்கும் எல்லைப் பகை இருந்தது. திருவிதாங்கூருக்குக் களக்காடு வேண்டும். யூசுப்கான் களக்காட்டை விட்டுக்கொடுத்து, வடகரைமேல் படையெடுக்க உதவுவதாகவும் சொன்னார். திருவிதாங்கூர் அணி மாறியது.

என் கருத்தில் நெற்கட்டும்செவலின் தலையெழுத்து இங்கேதான் மாறியது. கோட்டை இன்னும் விழவில்லை. 1759இன் முடிவில் யூசுப்கானும் திருவிதாங்கூர்ப் படையும் சேர்ந்து பூலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கியும் பிடிக்க முடியவில்லை. ஆனாலும் அரசியல் அரண் அதற்கு முன்பே இடிந்துவிட்டது. திருவிதாங்கூரைக் கட்டிவைத்திருந்தது களக்காடு என்ற ஒரே நலன். அதே நலனை அதைவிடப் பெரியவர் நேரடியாகக் கொடுக்க முன்வந்தபோது பூலித்தேவரின் நட்புக்கு மதிப்பு இல்லாமல் போயிற்று. சிறிய அரசின் பேரம் பேசும் வலிமை, தன்னைவிட்டால் வேறு வழியில்லை என்று பெரியவர் நினைக்கும் வரை மட்டுமே நிற்கும்.

அடுத்த அடி வெகுதொலைவில் விழுந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. பிரெஞ்சு உதவி இனி வராது என்று தெரிந்ததும் சேத்தூர், ஊற்றுமலை, சுரண்டைப் பாளையங்கள் எதிரணிக்குப் போயின. திருச்சியிலிருந்து பெரும் பீரங்கிகள் 1760 செப்டம்பரிலேயே யூசுப்கானுக்கு வந்து சேர்ந்திருந்தன. 1761 மே 16இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் அவர் கைக்குப் போயின. புதுச்சேரி வீழ்ந்து நான்கே மாதங்கள் ஆகியிருந்தன. இரண்டு நிகழ்ச்சிகளையும் தனித்தனியே படித்தால் இந்தத் தொடர்பு புலப்படாது.

கடைசி முற்றுகை

வல்லரசுகளின் போட்டியை நம்பி நிற்க முடியாது என்ற இதே பாடத்தை யூசுப்கானும் தம் உயிரைக் கொடுத்துக் கற்றார். நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து மதுரையில் தனியாட்சி நடத்த முயன்று, பிரெஞ்சு வீரர்களைத் துணைக்கு வைத்திருந்த அவர், உடனிருந்தவர்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். அந்தக் குழப்பத்தில், கோட்டைகளை இழந்து வெளியேறியிருந்த பூலித்தேவர் திரும்பிவந்து நெற்கட்டும்செவலை மீட்டார். வல்லரசுகளுக்குள் பிளவு ஏற்பட்டபோதெல்லாம் இப்பாளையம் தலைதூக்கியிருப்பதை இதிலும் காண்கிறோம்.

1767இல் டொனால்டு கேம்பல் வாசுதேவநல்லூரைச் சுற்றிவளைத்தபோது நிலைமை வேறு. 1763இன் பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் பிரெஞ்சுக்காரர் தென்னகத்தில் சவால்விடும் நிலையில் இல்லை. திருவிதாங்கூர் உதவிக்கு வரவில்லை. பீரங்கிக் குண்டுகள் மண்சுவரில் பிளவு உண்டாக்க, உள்ளிருந்தவர்கள் குண்டுமழையிலேயே பிளவுக்கு ஓடிவந்து வைக்கோலையும் பனையையும் திணித்து அடைத்தார்கள். அடைத்தவர் விழுந்தால் அடுத்தவர் அந்த இடத்தில் வந்து நின்றார். இந்தத் தற்காப்பைப் பாராட்டி எழுதியவர் கேம்பலே. இறுதியில் பெருமழையின் மறைவில் கோட்டையிலிருந்தோர் வெளியேறி மலைப்பக்கம் போயினர். பூலித்தேவரின் முடிவு பற்றி உறுதியான ஆவணம் இல்லை. சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோவிலுக்குள் வழிபடச் சென்றவர் அங்கேயே மறைந்தார் என்பது வட்டார மரபு.

சேர்ந்து போனவர்களின் கதை

எதிர்த்தவர் அழிந்தார், சேர்ந்து போனவர் பிழைத்தார் என்று முடித்துவிடலாமா? 1755இல் ஒதுங்கி நின்ற பாஞ்சாலங்குறிச்சியின் வாசலுக்கு 44 ஆண்டுகள் கழித்து அதே கம்பெனிப் படை வந்தது. 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். எட்டயபுரம் கம்பெனியோடு நின்றது. 1803க்குள் அதுவும் மற்றப் பாளையங்களைப் போலவே ஆயுதமும் கோட்டையும் இழந்து, கம்பெனிக்கு வரி கட்டும் ஜமீனாகிவிட்டது. களக்காட்டுக்காக அணி மாறிய திருவிதாங்கூரும் 1795, 1805 உடன்படிக்கைகளால் கம்பெனிக்கு அடங்கியது. கம்பெனியை எதிர்த்தெழுந்த அதன் தளவாய் வேலுத்தம்பி 1809இல் உயிர் நீத்தார். சேர்ந்து போனவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது காலம் மட்டுமே. தன்னாட்சி எவருக்கும் மிஞ்சவில்லை.

கண்டியும் இன்றைய இலங்கையும்

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் கண்டி அரசு இதே போராட்டத்தில் இருந்தது. டச்சுக்காரரோடு போரிட்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சென்னை ஆங்கிலேயரை நாடினார். 1762இல் ஜான் பைபஸ் தூதராக வந்தார். உறுதியான உதவி எதுவும் தராமல் திரும்பினார். 1766 உடன்படிக்கையில் கண்டி கடற்கரை முழுவதையும் டச்சுக்காரரிடம் இழந்தது. 1796இல் டச்சுக்காரர் இடத்தில் ஆங்கிலேயர் வந்தபின் எதிரெதிரே நிறுத்த இரண்டு சக்திகள் இல்லை. 1803இல் ஆங்கிலப் படையை முறியடித்தும், 1815இல் பிரபுக்களின் பிளவால் கண்டி வீழ்ந்தது.

இன்றைய இலங்கை இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே நிற்கிறது. 1952இல் சீனாவுடன் ரப்பர்–அரிசி ஒப்பந்தம், 1987இல் இந்தியாவுடன் உடன்படிக்கை, 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகை, 2022 நெருக்கடியில் இந்தியாவின் சுமார் 400 கோடி டாலர் உதவி என அந்த உறவுகள் நீள்கின்றன. அரசர் காலத்துக்கும் ஐக்கிய நாடுகள் காலத்துக்கும் வேறுபாடு பெரிது. இன்று நாடுகள் படையெடுப்பால் எளிதில் மறைவதில்லை. ஆனாலும் கடனும் துறைமுகமும் களக்காட்டின் இடத்தில் இருக்கின்றன.

முடிவுரை

இந்த ஆய்வு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, சிறிய அரசின் சமநிலை வல்லரசுகளின் போட்டியில் தங்கியிருக்கிறது. அந்தப் போட்டி எப்போது முடியும் என்பது சிறியவர் கையில் இல்லை. இரண்டாவது, ஒரே நலனில் கட்டிய நட்பை அதே நலனைக் கொடுத்து மற்றவர் வாங்கிவிட முடியும். மூன்றாவதே முக்கியமானது. சிறியவர் கையில் உண்மையாக இருக்கும் ஒரே கருவி, தன்னைப் போன்ற சிறியவர்களின் ஒற்றுமை. சிவகிரியும் எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் 1755இல் சேர்ந்திருந்தால் கம்பெனி கடைசிவரை தோற்றிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு கோட்டையாகத் தனிமைப்படுத்தி வீழ்த்துவது அதற்கு இத்தனை எளிதாக இருந்திருக்காது.

பூலித்தேவரை வீரராக மட்டும் நினைவுகூர்வது அவருக்குச் செய்யும் பாதி மரியாதைதான். பாளையக்காரர், பத்தான், திருவிதாங்கூர், மைசூர் என்று சாதி, மதம், மொழி எல்லைகளைத் தாண்டிக் கூட்டணி தேடிய அரசியலாளராகவும் அவரைப் படிக்க வேண்டும். அவர் முயற்சி தோற்ற இடம் எது என்று தெளிவாக அறிவதே அந்த முயற்சிக்கு நாம் காட்டும் முழு மரியாதை.