சாய்ந்த சிலையும் சாயாத கேள்வியும்

சிலைகள் பேசுவதில்லை. ஆனால் அவை சாய்க்கப்படும்போது எழும் ஓசை, ஒரு நாட்டின் வரலாற்றையே பேசவைத்துவிடுகிறது!

2018 மார்ச் 3-ஆம் நாள். மூன்று புறமும் வங்கதேசம் சூழ்ந்து நிற்கும் திரிபுராவில் தேர்தல் முடிவு வெளிவந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட இடதுசாரி முன்னணி வீழ்ந்தது. இரண்டே நாளில், எல்லையோர ஊரான பெலோனியாவில் நின்ற லெனின் சிலையை எந்திரங்கொண்டு இடித்துத் தள்ளினர். மறுநாள், பாரதீய சனதா கட்சியின் தேசியச் செயலாளராக அன்றிருந்த எச். ராஜாவின் முகநூல் பக்கத்தில், அடுத்தது பெரியார் சிலைதான் என்ற பொருள்பட ஒரு பதிவு வந்தது. எதிர்ப்பு மூளவே நீக்கப்பட்டது. அன்றிரவே, அப்போது வேலூர் மாவட்டத்திலிருந்த திருப்பத்தூரில் பெரியார் சிலை சேதப்படுத்தப்பட்டது.

பெலோனியா எங்கே, திருப்பத்தூர் எங்கே! இடித்தவர்கள் இரண்டையும் ஒரே கோட்டில் கண்டுவிட்டனர். நாம் கண்டோமா? சினம் எழுவது இயற்கை. ஆனால் சினத்தோடு நின்றுவிட்டால் பாடம் கிடைக்காது. சிவப்புக் கொடி பறந்த அந்த மலைநாட்டில் அது எப்படி ஏறியது, ஏன் இறங்கியது என்று பகுத்தறிவாளன் கேட்கவேண்டாமா?

திரிபுராவை மாணிக்கிய மரபினர் முடிசூடி ஆண்டனர். அரசவையின் மொழி வங்காளி. மலைமக்களின் மொழியோ கொக்பொரோக். 'கொக்' என்றால் மொழி. 'பொரோக்' என்றால் மக்கள். மக்கள் மொழி என்று பெயர். ஆனால் மன்றத்தில் அதற்கு இடமில்லை! வரி உண்டு, வட்டிக்கடன் உண்டு, கட்டாய ஊழியம் உண்டு. பள்ளிக்கூடம் மட்டும் இல்லை. 1943-இல் ரியாங் குடியினர் ரத்தன்மணியின் தலைமையில் கிளர்ந்தெழுந்தபோது, மன்னரின் படை சென்று அடக்கியது.

வாள் தோற்ற இடத்தில் ஏடு புறப்பட்டது. 1945 டிசம்பரில் தசரத் தேவ், சுதன்வ தேவ்வர்மா, ஹேமந்த தேவ்வர்மா, அகோர் தேவ்வர்மா முதலான படித்த பழங்குடி இளைஞர்கள் ஜனசிட்சா சமிதி என்னும் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தனர். மலையூர்களில் நூற்றுக்கணக்கான பள்ளிகளை மக்களைக் கொண்டே எழுப்பினர். எழுத்தறிந்தவன் கணக்குக் கேட்டான். கணக்குக் கேட்டவன் உரிமை கேட்டான். 1948-இல் கணமுக்தி பரிஷத் என்னும் மக்கள் விடுதலைக் கழகம் பிறந்தது. அதுவே பொதுவுடைமைக் கட்சிக்கு மலையில் வேராயிற்று. 1949 அக்டோபர் 15-இல் திரிபுரா இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. 1952 பொதுத்தேர்தலில் அதன் இரண்டு நாடாளுமன்றத் தொகுதிகளிலும் பொதுவுடைமைக் கட்சியே வென்றது. தலைமறைவு வாழ்விலிருந்த தசரத் தேவ் நாடாளுமன்ற உறுப்பினரானார்!

அந்த நாட்களை நினைக்கும்போது சேலத்தை மறக்க முடியுமா? 1950 பிப்ரவரி 11-ஆம் நாள் சேலம் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பொதுவுடைமைச் சிறையாளிகள் 22 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் மலபாரின் உழவர் இயக்கத்திலிருந்து வந்தவர்கள். எங்கோ பிறந்தவர்களின் குருதி நம் மண்ணில் கலந்தது. ஆகவே பொதுவுடைமையின் எழுச்சியும் வீழ்ச்சியும் நமக்கு அயலார் கதை அன்று.

திரிபுராவின் வரலாற்றைத் திருப்பியது அதன் எல்லை. நாடு பிரிந்ததும் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏதிலிகள் அலையலையாக வந்தனர். 1941-இல் மக்களில் ஏறத்தாழப் பாதியாக இருந்த பழங்குடியினர், 2011 கணக்கெடுப்பின்படி 31.8 விழுக்காடு. வந்தவன் ஏழை, உயிருக்கு அஞ்சி ஓடி வந்தவன். இருந்தவனும் ஏழை, காலடி நிலத்தைக் காத்துக்கொள்ள முடியாதவன். இருவரையும் ஒரே கொடியின்கீழ் நிறுத்த முயன்றது இடதுசாரி இயக்கம். உயர்ந்த முயற்சிதான்! ஆனால் 'நீயும் தொழிலாளி, நானும் தொழிலாளி' என்ற விடை, 'என் மொழி எங்கே, என் நிலம் எங்கே' என்ற கேள்வியைத் தீர்த்துவிடவில்லை. 1967-இல் தோன்றிய திரிபுரா உபஜாதி ஜுவ சமிதி அந்தக் கேள்வியையே கொடியாக்கிக்கொண்டது.

1978 தொடக்கத்தில் நிருபேன் சக்கரவர்த்தி தலைமையில் இடதுசாரி முன்னணி அரியணை ஏறியது. 60 இடங்களில் 56 அதற்கு. அந்த ஆட்சி கேள்விக்குச் செவி சாய்க்கவில்லை என்று கூறுவது பழியாகும். 1979 ஜனவரி 19-இல் கொக்பொரோக் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. 1982-இல் பழங்குடியினர் பகுதிக்குத் தன்னாட்சி மாவட்ட மன்றம் அமைந்தது. 1985-இல் அதற்கு அரசமைப்பின் ஆறாவது அட்டவணை காப்பளித்தது. மாநிலப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அம்மன்றத்தின் எல்லைக்குள் அடங்கும். இடையிலே 1980 சூனில், மண்டாயிலும் பிற ஊர்களிலும் இரு இனத்தாரும் மோதி, ஏழைகளின் குருதியே ஆறாக ஓடியது. பின்னர்ப் பல்லாண்டு ஆயுதக் குழுக்களின் காலம். அந்தத் தீ தணிந்து, 2015-இல் படையினர்க்கான தனியதிகாரச் சட்டம் விலக்கப்பட்டது மாணிக் சர்க்கார் ஆட்சியில்தான். எழுத்தறிவு 2011-இல் 87 விழுக்காட்டை எட்டியது. இவை சிறிய செயல்களா?

பின் ஏன் வீழ்ந்தது? கொக்பொரோக்கை எந்த எழுத்தில் எழுதுவது என்ற ஒன்றை மட்டும் பாருங்கள். ஆட்சியினர் வங்காள எழுத்தைக் கொடுத்தனர். மலையின் இளைஞர் உரோமன் எழுத்தைக் கேட்டனர். வெளியாருக்கு இது அற்பச் சச்சரவாகத் தோன்றும். பிறர் எழுத்தில் தன் தாய்மொழியை எழுது என்றால் எப்படியிருக்கும் என்பதைத் தமிழ் மாணவனுக்கு விளக்கவும் வேண்டுமோ? இடதுசாரிகள் போன பின்னும், 2024-இல், அதே கோரிக்கைக்காக மாணவர்கள் சாலையை மறித்தார்கள். ஆட்சி மாறியது, கேள்வி மாறவில்லை.

ஐரோப்பாவிலும் இதே காட்சி! 1991-இல் லாட்வியாவின் தலைநகர் ரீகாவில் லெனின் சிலை இறங்கியது. ஏன்? 1935-இல் தம் நாட்டில் முக்கால்பங்காக இருந்த லாட்வியர், சோவியத் குடியேற்றத்தால் 1989-இல் 52 விழுக்காடாகக் குறுகினர். விடுதலை பெற்றதும் என்ன செய்தனர்? சோவியத் காலத்தில் குடியேறியவர்களும் அவர்தம் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 7 இலட்சம் பேரைக் குடியுரிமை அற்றவராக்கினர். ஓர் அநீதிக்கு இன்னோர் அநீதி மருந்தாயிற்று! மால்டோவா 1989-இல் தன் மொழியை இலத்தீன் எழுத்துக்கு மீட்டது. பிரிந்து நின்ற டிரான்ஸ்னிஸ்திரியாவோ அதே மொழியைச் சிரில்லிக் எழுத்திலேயே எழுதவைத்து, 2004-இல் இலத்தீன் எழுத்தில் கற்பித்த பள்ளிகளை மூட முனைந்தது. பொதுவுடைமை அரசு போன இடத்தில் முதலில் தலைதூக்குவது பொருளாதாரக் கேள்வி மட்டுமன்று; அமுக்கப்பட்டிருந்த மொழியும் இனமும் உடனே எழுகின்றன. எல்லைப்புறங்களில் அவை இருமடங்கு விசையோடு எழுகின்றன.

திரிபுராவில் வேறு காரணங்களும் சேர்ந்தன. வேலையின்மை வாட்டியது. அரசு நியமித்த 10,323 ஆசிரியர்களின் நியமனமுறை செல்லாது என்று 2014-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பள்ளியால் வளர்ந்த இயக்கம், பள்ளியிலேயே சறுக்கியது! ஏழாவது ஊதியக்குழுவின் சம்பளம் தருகிறோம் என்று எதிர்த்தரப்பு ஆசை காட்டியது. 2013-இல் 1.5 விழுக்காடு வாக்குப் பெற்ற பாரதீய சனதா கட்சி, 2018-இல் 43 விழுக்காட்டைத் தாண்டியது. இத்தனைக்கும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 42 விழுக்காடு வாக்கு இருந்தது. தோல்வியைத் தீர்மானித்தது மலை. பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்ட 20 தொகுதிகளில் அக்கட்சிக்குக் கிடைத்தவை 2 மட்டுமே.

இதனினும் கசப்பான காட்சி 2021-இல் வந்தது. தன்னாட்சி மன்றத் தேர்தலில் இடதுசாரிகளுக்கு ஓரிடமும் இல்லை. வென்றது திப்ரா மோத்தா என்னும் புதுக்கட்சியும் அதன் தோழமைக் கட்சியும். அதன் தலைவர் யார்? மன்னர் வீர விக்ரம மாணிக்கியரின் பேரன் பிரத்யோத்! மக்கள் அவரை 'புபாக்ரா' என்றழைக்கின்றனர். அரசர் என்பது அதன் பொருள். 2023 சட்டமன்றத் தேர்தலில் 13 இடங்களைப் பெற்ற அக்கட்சி, 2024 மார்ச்சில் பாரதீய சனதா ஆட்சியிலேயே பங்கேற்றது. எந்த அரண்மனையின் வரிக்கும் ஊழியத்துக்கும் எதிராகத் தாத்தா போராடினாரோ, அந்த அரண்மனையின் வாயிலில் பேரன் நம்பிக்கையோடு நிற்கிறான். அவனை அறிவிலி என்று ஏசுவது எளிது. அவன் மொழிக்குக் குரல் கொடுக்கும் இடம் வேறெங்கும் இல்லாமற் போனது யார் குற்றம்? மக்களின் மானவுணர்ச்சியைச் சமதர்மம் தோளில் ஏற்றிக்கொள்ளாவிட்டால், பழைய மகுடம் அதைத் தலையில் ஏற்றிக்கொள்ளும். திரிபுரா புகட்டும் பாடம் இதுதான்.

1931-இல் 'குடி அரசு' ஏடு பொதுவுடைமை அறிக்கையைத் தமிழில் வெளியிட்டது. 1932-இல் பெரியார் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்து வந்தார். சமதர்மத்தையும் தன்மானத்தையும் ஒன்றாகப் பேசிய மரபு நம்முடையது. அந்த மரபு சிலைகளில் மட்டும் வாழ்கிறதா, செயலிலும் வாழ்கிறதா? சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் சேர்வராயன் மலை, கொல்லிமலை, கல்வராயன் மலை தெரிகின்றன. அங்கும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். உண்டு உறைவிடப் பள்ளிகளில் அவர்தம் பிள்ளைகள் படிக்கின்றனர். அந்தப் பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்கும் நிலத்துக்கும் வேலைக்கும் நாம் குரல் கொடுத்தோமா, தேர்தல் நாளில் மட்டும் மலை ஏறினோமா?

தோழர்களே! சிலையைக் காப்பது நம் கடமை, காப்போம். ஆனால் சிலைக்குக் காவல் போலீசார் அல்லர். இன்னார் நம் மொழியை மதித்தார், நம் பிள்ளைக்குப் பள்ளி கட்டினார், நம் நிலத்தை மீட்டார் என்று நினைக்கும் மக்களே காவல். 1945-இல் மலையூர்களில் பள்ளி கட்டிய அந்த இளைஞர்கள் எவர் சிலையையும் நம்பிப் புறப்படவில்லை. கரும்பலகையோடு புறப்பட்டார்கள், மக்கள் உடன் வந்தார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.