காந்த ஊசியும் கரும்பலகையும்



2010-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள், மாட்டுப் பொங்கல். குளச்சல் கடற்கரையில் நண்பகலுக்குப் பின் ஒரு மணி இருக்கும். மேகம் எதுவும் இல்லாமலே வெயில் மங்கத் தொடங்கியது. கடற்காற்றில் இலேசான குளிர்ச்சி ஏறியது. தென்னங்கீற்றுகளின் இடுக்குகள் வழியே மணலில் விழுந்த ஒளிப்பொட்டுகள் ஒவ்வொன்றும் சிறு வளையமாக மாறின. அன்று நிகழ்ந்தது கங்கண சூரிய கிரகணம். கன்னியாகுமரி மாவட்டம் அதன் பாதையில் இருந்தது. அப்போது நான் பட்டவகுப்பு மாணவன். அந்த வளையங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற நாள்தான் என்னை இயற்பியலில் நிலைக்கச் செய்தது.

இன்று நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு, கடலுக்குச் செல்லும் குடும்பத்தைச் சேர்ந்த மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "சாரே, சூரியனையும் கோள்களையும் பத்திப் படிச்சா வேலை கிட்டுமா? அதெல்லாம் பெரிய ஊருக்காரங்களுக்கு உள்ளதில்லியா?"

இவை இரண்டு கேள்விகள். வேலை பற்றிய முதற்கேள்விக்கு இறுதியில் வருகிறேன். இரண்டாவது கேள்விக்கு விடை, குளச்சலிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், ஒரு குன்றின் மேல் இருக்கிறது.

ஊசி சொன்ன செய்தி

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை நம் ஊர் திருவிதாங்கூரோடு இணைந்திருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்நாட்டின் மன்னர் சுவாதித் திருநாள் 1837-இல் திருவனந்தபுரத்தில் ஒரு வான்நோக்கு நிலையத்தை நிறுவினார். ஆலப்புழையில் அரசின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டெகாட் என்பவர் அதன் முதல் இயக்குநர் ஆனார். அவருக்குப் பின், 1852-இல், ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி பொறுப்பேற்றார்.

காந்த ஊசி எப்போதும் வடக்கையே காட்டி அசையாமல் நிற்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது அசையாமல் நிற்பதில்லை. நாள்தோறும் மிகச் சிறிய அளவில் இப்படியும் அப்படியும் நகர்கிறது. சில நாட்களில் திடீரென்று குழம்பித் தடுமாறுகிறது. கண்ணால் காண இயலாத இந்த அசைவைத்தான் பிரவுன் நுண்கருவிகளால் அளந்தார். இரவு பகலாக, மணிக்கு ஒரு முறை அளவீடு எடுக்கப்பட்டது. உயரத்துக்கு ஏற்ப இந்த அசைவு மாறுகிறதா என்று காண, 1855-இல் ஏறத்தாழ 6,200 அடி உயரமுள்ள அகத்தியமலை உச்சியிலும் ஒரு நிலையம் அமைத்தார். காடும் மழையும் குளிரும் சூழ்ந்த அந்த இடத்தில் தங்கி எண்களைக் குறித்தவர்கள் இந்த மண்ணைச் சேர்ந்த உதவியாளர்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

அந்த எண்களிலிருந்து கிடைத்த முடிவு வியப்பானது. ஊசியின் தடுமாற்றங்கள் ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒரு முறை திரும்ப வந்தன. பூமியில் 26 நாளுக்கு ஒரு முறை திரும்பி வருவது எது? எதுவும் இல்லை. ஆனால் சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள ஆகும் காலம் ஏறத்தாழ அதுவே. ஆக, சூரியனின் ஒரு குறிப்பிட்ட பகுதி நம் பக்கம் திரும்பும்போதெல்லாம் திருவனந்தபுரத்து ஊசி தடுமாறுகிறது! சூரியனிலிருந்து ஒளியும் வெப்பமும் தவிர வேறு ஏதோ ஒன்று வருகிறது என்பதற்கு இது ஒரு குறிப்பு. பிரவுனின் நீண்டகால ஆய்வுகளுக்காக லண்டன் ராயல் கழகம் 1878-இல் அவருக்கு ராயல் பதக்கம் அளித்தது.

சூரியனிலிருந்து வந்த அது என்ன? விடை கிடைக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1962-இல் வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மாரினர் 2 விண்கலம், சூரியனிலிருந்து மின்னூட்டத் துகள்கள் காற்றைப் போல இடைவிடாமல் வீசுவதை அளந்தது. அதன் வேகமான ஓட்டங்கள் சூரியச் சுழற்சிக்கு ஏற்ப மீண்டும் மீண்டும் வந்தன. அந்த அளவீடுகளை ஆராய்ந்தவர்களில் ஒருவர் நம் நாட்டின் உடுப்பி இராமச்சந்திர ராவ். பின்னர் அமெரிக்காவில் பேராசிரியராகப் பணியாற்றிய அவர், 1966-இல் நாடு திரும்பி அகமதாபாத்தில் கற்பித்தார். 1975-இல் ஏவப்பட்ட ஆர்யபட்டா செயற்கைக்கோளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

பாடம் நடத்தியவர்கள்

பிரவுன் ஆசிரியர் அல்லர். இனி இரண்டு ஆசிரியர்களைப் பார்ப்போம்.

1916-இல் கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார் மேகநாத் சாகா. வெப்ப இயக்கவியலைக் கற்பிக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு வந்தது. மாணவர்களுக்காகப் படித்த பாடத்தை அவர் சூரியனுக்குப் பொருத்திப் பார்த்தார். வெப்பம் மிகும்போதும் அழுத்தம் குறையும்போதும் அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனிகளாகின்றன. எந்த வெப்பநிலையில் எத்தனை பங்கு அயனியாகும் என்பதற்கு 1920-இல் அவர் ஒரு சமன்பாடு தந்தார். சூரியனின் நிறமாலையில் ஒரு கோடு ஏன் வலுத்தும் மற்றொன்று ஏன் மங்கியும் இருக்கிறது என்பது அதனால் விளங்கியது. அவரிடம் பெரிய தொலைநோக்கி இருக்கவில்லை. கரும்பலகையும் காகிதமும்தான் இருந்தன.

மற்றவர் பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893-இல் பிறந்த கே. ஆர். இராமநாதன். 1914-இல் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் செய்முறை ஆசிரியராகச் சேர்ந்தார். அதே ஊரின் வான்நோக்கு நிலையப் பொறுப்பும் அவரிடம் வந்தது. பகலில் வகுப்பு, மற்ற நேரத்தில் கருவிகள். அப்பகுதியின் இடிமழைகளை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். 1921-இல் கல்கத்தா சென்று சர். சி. வி. ராமனிடம் பணியாற்றினார். பிறகு இரங்கூனில் மீண்டும் கல்லூரி ஆசிரியர். 1925-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். கொடைக்கானல் சூரிய ஆய்வு நிலையத்தின் பொறுப்பையும் வகித்தார். சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் பற்றிய ஆய்வில் உலகப் புகழ் பெற்றார். பணி ஓய்வுக்குப் பின், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக 1966 வரை இருந்து ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கினார்.

அந்த ஆய்வுக்கூடம் 1947-இல் தொடங்கிய இடம் எது தெரியுமா? ஓர் அறிவியல் கல்லூரியின் சில அறைகள்!

பிரிந்த பாதை

பின்னர் நிலைமை மாறியது. ஆய்வுக்கூடங்கள் வளர்ந்து தனி வளாகங்களுக்குச் சென்றன. கொடைக்கானல் நிலையம் தொடக்கத்திலிருந்தே வானிலைத் துறையிடம் இருந்தது. 1971-இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பகுதியானது. பெரிய கருவிகளுக்குத் தனி நிறுவனங்கள் தேவைதான். அவற்றால் நாடு பெற்ற பயனும் மிகப் பெரிது. ஆனால் இதில் ஓர் இழப்பும் உண்டு. கருவி ஓரிடத்திலும் மாணவன் வேறோரிடத்திலும் ஆனார்கள். கல்லூரியில் கரும்பலகை மட்டும் எஞ்சியது.

இதை என் அனுபவத்தால் சொல்கிறேன். நான் படித்த கல்லூரியின் ஆய்வகத்தில் விலகு காந்தமானி இருந்தது. ஊசியின் விலகலை அளந்து, அட்டவணை போட்டு, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, பெட்டியை மூடிவிடுவோம். இதே போன்றதோர் ஊசியைத்தான் பக்கத்து ஊரில் ஒருவர் பதின்மூன்று ஆண்டுகள் கவனித்து, சூரியனைப் பற்றி ஓர் உண்மையைக் கண்டார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எம்.எஸ்ஸி. முடிக்கும் வரை ஒரு சூரியப் புள்ளியையும் நான் பார்த்ததில்லை. பல ஆண்டுகள் நானும் என் மாணவர்களுக்கு அப்படியே பெட்டியைத் திறந்து மூடினேன்.

கேள்வி கேட்ட அந்த மாணவனால்தான் அது மாறியது. கொடைக்கானலில் 1904 முதல் எடுக்கப்பட்டு வரும் சூரியப் படங்கள் இப்போது எண்வடிவில் மாற்றப்பட்டு எவரும் காணும்படி வைக்கப்பட்டுள்ளன. 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 கலத்தின் அளவீடுகளும் அவ்வாறே கிடைக்கின்றன. அடுத்தடுத்த நாட்களின் படங்களை அச்சிட்டு, ஒரு புள்ளி நாள்தோறும் எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோலால் அளந்தோம். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 27 நாள் வந்தது. பூமியும் நகர்வதால், சூரியன் சுழலும் காலம் நமக்குச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். பிரவுன் ஊசியில் கண்டதை அவன் படத்தில் கண்டான். நீங்களும் செய்து பாருங்கள். ஆனால் சூரியனை வெறுங்கண்ணாலோ தொலைநோக்கியாலோ நேரே பார்க்கவே கூடாது.

வேலை கிட்டுமா?

இப்போது முதற்கேள்வி. இது எளிய வழியன்று. எம்.எஸ்ஸி. முடித்தபின் நெட், ஜெஸ்ட், கேட் போன்ற தேர்வுகள். பின் ஐந்தாண்டு அல்லது அதற்கும் மேல் முனைவர் பட்ட ஆய்வு. அதன்பின் சில ஆண்டுகள் வேறு நாட்டிலோ நகரிலோ தற்காலிக ஆய்வுப் பணி. நிலையான ஆசிரியப் பணி கிடைக்கும்போது வயது முப்பதைத் தாண்டிவிடும். இடங்களும் குறைவு. வீட்டின் வருவாய் உங்களை எதிர்பார்த்திருந்தால், இதை முன்னமே பெற்றோரிடம் பேசிவிடுங்கள். ஆய்வு மாணவர்க்கு உதவித்தொகை உண்டு என்பதையும் சொல்லுங்கள். ஆங்கிலத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். கணிதத்தைப் போல அதையும் ஒரு கருவியாகப் பழகிக்கொள்ளுங்கள்.

வாய்ப்புகள் தொலைவில் மட்டும் இல்லை. 2007-இல் தொடங்கிய இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. அங்கு வகுப்பறையும் ஆய்வும் மீண்டும் ஒரே வளாகத்தில் நடைபெறுகின்றன. ஆதித்யா கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, அகத்தியமலைக்கு வடக்கே அதே மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள செங்கோட்டையில் பிறந்தவர். எனவே "பெரிய ஊருக்காரங்களுக்கு உள்ளது" என்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை.

அந்த மாணவன் இப்போது நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அவன் தேறுவானா என்று என்னால் உறுதி கூற முடியாது. ஆனால் எங்கள் ஆய்வகத்தில் அந்தக் காந்தமானிப் பெட்டியைத் திறக்கும்போது, இனி அகத்தியமலையின் கதையைச் சொல்லாமல் நான் திறப்பதில்லை. ஆசிரியராக உள்ள வாசகர்கள் தங்கள் வகுப்பிலும் அதைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.